அடுத்தவர் துயருக்கு நாம் எழுதும் தலையெழுத்து

மதுரைச் சீமையில் பஞ்சத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால் இன்றும் அது தாது வருடத்தில்தான் போய் நிற்கும். 1876-ல் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஒருசேரப் பொய்த்தன. கண்மாய்கள் பாளம் பாளமாக வெடித்தன. விதைநெல்லையும் உண்டு தீர்த்த குடும்பங்கள் ஊரைவிட்டுக் கிளம்பின. போய்ச் சேராமல் வழியிலேயே விழுந்தவர்கள் பலர். 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சமும், அதன் பின்னாலேயே வந்த காலராவும் காய்ச்சலும் இந்தியாவில் குறைந்தது 50 லட்சம் உயிர்களைக் கொண்டுபோயின என்பது வரலாற்றாசிரியர்களின் கணக்கு. அதில் பெரும்பங்கு சென்னை மாகாணத்துடையது. இத்தனைக்கும் இது சாமி கும்பிடாத நாடு அல்ல. ஊருக்கு ஊர் கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் இருந்தன. அவற்றில் மழை வேண்டாத நாளும் இருந்திருக்காது. கடவுள் எல்லாம் வல்லவர், எல்லாம் அறிந்தவர், கருணையே உருவானவர் என்று மூன்று சமயத்தாரும் சொல்கிறார்கள். அப்படியானால் வழியோரத்தில் தாயின் மடியில் பசித்துச் செத்த குழந்தைக்கு என்ன பதில்? நம்பிக்கையாளரை இந்தக் கேள்வி அளவுக்கு உலுக்கக்கூடியது வேறு எதுவும் இல்லை. உலுக்காவிட்டால் அந்த நம்பிக்கையில்தான் ஏதோ கோளாறு.

காலங்காலமாக நம்மிடம் புழங்கும் பதில்கள் மூன்று. முற்பிறவியில் செய்த வினை இப்போது பலன் தருகிறது என்பது ஒன்று. பக்தனைப் பக்குவப்படுத்த ஆண்டவன் வைக்கும் சோதனை என்பது இரண்டாவது. ஊரார் செய்த பாவத்துக்கு வந்த தண்டனை என்பது மூன்றாவது. தர்க்கத்தில் மூன்றுமே தம்மளவில் கட்டுக்கோப்பானவை. அறிஞர்கள் நூற்றாண்டுகளாக உழைத்து அவற்றைச் செதுக்கியிருக்கிறார்கள். அவற்றை எடைபோட தர்க்கத்தை மட்டும் பார்த்தால் போதாது. அந்தப் பதிலை யார் சொல்கிறார், யாருடைய துயரைப் பற்றிச் சொல்கிறார், சொன்ன பிறகு அவர் என்ன செய்கிறார் என்றும் பார்க்க வேண்டும். என் வாதம் இதுதான்: தன் துயருக்கு ஒருவர் தானே தேடிக்கொள்ளும் விளக்கம் நம்பிக்கையாக இருக்கலாம். அதே விளக்கத்தை அடுத்தவர் துயரின் மேல் நாம் ஏற்றும்போது அது இறைநிந்தனையாகிவிடுகிறது. கடவுள் நம்பிக்கையையும் கொடுந்துயரையும் ஒரே நெஞ்சில் வைத்திருக்க முடியும். ஆனால் அடுத்தவர் துயரை விளக்கும் உரிமையை விட்டுக்கொடுத்தால்தான் அது முடியும்.

தாது வருடத்தையே எடுத்துக்கொள்வோம். மழை பொய்த்தது இயற்கை. அந்த மழைக்குறைவைச் சாவாக மாற்றியதில் மனிதக் கை இருந்தது. ரயில் பாதை அதற்குள் மதுரையைத் தொட்டுத் தூத்துக்குடிவரை போயிருந்தது. நாட்டில் தானியம் அடியோடு இல்லாமல் போய்விடவில்லை. பஞ்ச காலத்திலும் இங்கிருந்து தானியம் கப்பலேறியது. விலையில் அரசு தலையிடக் கூடாது என்பது வைஸ்ராய் லிட்டனின் கொள்கை. அவர் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், நிவாரணப் பணிகளில் நாளெல்லாம் மண் வெட்டும் ஆளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. இதைத் தின்று உழைக்கும் உடல் தாங்காது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடிய பிறகுதான் அது திருத்தப்பட்டது. ஆக, செத்தவர்களின் கதையில் சந்தைக் கொள்கை இருந்தது, கூலிக் கணக்கு இருந்தது, பெயர் சொல்லக்கூடிய அதிகாரிகள் இருந்தார்கள். இவ்வளவையும் தாண்டிப் போய் ‘அவர்கள் தலையெழுத்து’ என்று ஒருவர் சொன்னால் அவர் கடவுளின் பெயரைச் சொல்லி லிட்டனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கிறார்.

அந்தத் தலையெழுத்து மாற்றக்கூடியது என்பதை அடுத்த 20 ஆண்டுகளே காட்டிவிட்டன. மேற்கே கேரளக் கடலுக்குப் போகும் பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பலாம் என்ற யோசனை 1789-லேயே இராமநாதபுரம் சமஸ்தானத்தில் பிரதானியாக இருந்த முத்திருளப்ப பிள்ளை காலத்தில் எழுந்தது. செலவு கட்டுப்படியாகாது என்று கைவிடப்பட்டது. பஞ்சத்துக்குப் பிறகு அந்தத் தேவையை யாராலும் தட்டிக்கழிக்க முடியவில்லை. 1887-ல் பொறியாளர் பென்னிகுவிக் தலைமையில் பெரியாற்று அணை வேலை தொடங்கியது. காட்டுக் காய்ச்சலிலும் காலராவிலும் தொழிலாளர்கள் மாண்டார்கள். கட்டிய பகுதியை வெள்ளம் அடித்துச் சென்றது. 1895 அக்டோபரில் அணை திறக்கப்பட்டது. மலையைக் குடைந்த சுரங்கம் வழியே வைகைப் படுகைக்கு வந்த நீர் மேலூர்வரை பாய்ந்தது. மானாவாரி நிலம் நஞ்சையானது. இன்று தேனி, கம்பம் பகுதியில் பல வீடுகளில் சாமி படங்களோடு பென்னிகுவிக் படமும் இருக்கிறது. பொங்கலன்று அவருக்குப் படையல் வைக்கிறார்கள். படிப்பாளிகளின் தத்துவத்தைவிட அந்தக் குடியானவர்களின் இறையியல் தெளிவானது. பஞ்சத்துக்குக் காரணம் சொன்னவர் எவரையும் அவர்கள் பூசை மாடத்தில் வைக்கவில்லை. தண்ணீர் கொண்டுவந்தவரை வைத்தார்கள்.

விளக்கம் சொல்பவர் கெட்டவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. 1934 ஜனவரி 15 அன்று பீகாரில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டு ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அப்போது தீண்டாமைக்கு எதிராகத் தமிழகத்தில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்த காந்தி, திருநெல்வேலிக் கூட்டத்தில் அது தீண்டாமைப் பாவத்துக்கு இறைவன் கொடுத்த தண்டனை என்ற பொருளில் பேசினார். அவருடைய நோக்கம் உயர்ந்தது. சாதி இந்துக்களின் மனச்சாட்சியைத் தட்டுவது. ஆனால் தாகூர் உடனே மறுத்தார். இயற்கை நிகழ்வுக்கு அறக்காரணம் கற்பிப்பது தவறு, இதே வாதத்தை எதிர்த்தரப்பும் தனக்குச் சாதகமாகத் திருப்பிக்கொள்ளலாம் என்று எச்சரித்தார். காந்தி அந்த மறுப்பைத் தம் ‘ஹரிஜன்’ இதழிலேயே வெளியிட்டார். தம் கருத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. பீகாரில் இடிந்த வீடுகளுக்குள் தீண்டாமைக்கு ஆளானவர்களும் செத்துக் கிடந்தார்கள் என்ற ஓர் உண்மையே அந்த விளக்கத்தை உடைத்துவிடுகிறது. தாகூர் அஞ்சியதும் நடந்தது. 2018-ல் கேரளத்தில் வெள்ளம் வந்தபோது, சபரிமலையில் பெண்களை அனுமதிக்கக் கோரும் வழக்கே காரணம் என்று படித்தவர்களே பேசினார்கள். பிணங்களை வைத்து அவரவர் கட்சிக்கு வாதம் தேடும் பழக்கம் காந்தியின் வாயில் வந்தாலும் தவறுதான். மற்றவர் வாயில் வந்தால் கேட்கவே வேண்டாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தன் வலியைத் தானே கடவுளோடு சேர்த்துப் பொருள்கொள்ளும் உரிமையை யாரும் பறிக்க முடியாது. சூலை நோயில் துடித்த அப்பருக்கு அந்த வலியே சிவனிடம் திரும்பும் வழியாயிற்று. அது அவருடைய வயிறு, அவருடைய வாக்கு. நம் காலத்தில் மதுரையிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. டாக்டர் கோ. வெங்கடசாமிக்கு இளம் வயதிலேயே முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களைப் பழக்கி அறுவை சிகிச்சை செய்யக் கற்றுக்கொண்டார். அரசுப் பணியில் ஓய்வு பெற்றதும் 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஸ்ரீ அரவிந்தரின் வழியில் ஆழ்ந்த நம்பிக்கை கொண்டவர் அவர். தன் விரல்களுக்கு நேர்ந்ததை எந்தப் பெயரிட்டும் அழைக்க அவருக்கு உரிமை இருந்தது. ஆனால் கண்புரையால் பார்வை இழந்த கிராமத்துக் கிழவிக்கு அவர் வினைப்பயன் வகுப்பு எடுக்கவில்லை. கண்ணைத் திறந்துவிட்டார், பணம் இல்லாதவர்களுக்கு இலவசமாகவே திறந்துவிட்டார். ‘செய்த பாவம் கண்ணைக் குருடாக்கியது’ என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த ஊர்கள் லட்சக்கணக்கான அறுவை சிகிச்சைகளுக்குப் பின் என்ன சொல்லும்? அந்தப் பாவம் ஒரு சிறு கத்தியால் நீங்கிவிட்டது என்றா?

மனிதரே மனிதருக்குச் செய்யும் கொடுமைக்கு வரும்போது இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. மேலூர் வட்டத்து மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி 1996-ல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. மிரட்டல்களை மீறிப் போட்டியிட்டு வென்ற முருகேசனும் அவரோடு வந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று பட்டப்பகலில் பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதை விதி என்று சொல்பவர் எந்தத் தெருவில் நின்று சொல்கிறார் என்று கேட்டாலே போதும். அந்தச் சொல்லின் எடை தெரிந்துவிடும். சாதியே அப்படி ஒரு விளக்கத்தின் மேல் நின்றதுதானே? பிறப்பு என்பது முன்வினையின் கூலி என்று, பிறந்தவர் வாயால் அல்ல, அவரை வாசலில் நிறுத்தியவர் வாயால் சொல்லப்பட்டது. மீனாட்சி அம்மன் கோயிலில் அந்த விளக்கம் 1939 ஜூலை 8 அன்று முறிந்தது. தாழ்த்தப்பட்டவர்களைக் கோயிலுக்குள் அழைத்துச் சென்று அதை முறித்த வைத்தியநாத ஐயர் நாத்திகர் அல்லர்; அவரோடு உள்ளே போன கக்கன் உள்ளிட்டவர்கள் அம்மனைக் கும்பிடத்தான் போனார்கள். கடவுளை நம்பியவர்களே கடவுளின் பெயரால் சொல்லப்பட்ட விளக்கத்தைத் தள்ளினார்கள். நம்பிக்கைக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை.

இதற்கு எழக்கூடிய முதல் மறுப்பு சைவ, வைணவ அறிஞர்களிடமிருந்து வரும். வினைக்கொள்கையை இப்படிக் கொச்சைப்படுத்தலாமா, துன்பப்படுபவருக்கு உதவுவதும் அறம் என்றுதானே அது சொல்கிறது என்பார்கள். உண்மைதான். திருக்குறளில் ஊழுக்கு ஓர் அதிகாரம் இருப்பது போலவே ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் இருக்கிறது. நான் கேட்பது இவ்வளவுதான்: அந்தக் கொள்கையை அது எந்தத் திசையில் செல்லுபடியாகிறதோ அந்தத் திசையில் வையுங்கள். நான் இன்று செய்வதற்கு நாளை நான் பொறுப்பு என்று அது என்னைப் பார்த்துச் சொல்லும்போது அது அறம். அவன் இன்று படுவதற்கு நேற்று அவனே பொறுப்பு என்று அது அவனைச் சுட்டும்போது, பார்த்துக்கொண்டிருப்பவரின் பொறுப்பு கழன்றுவிடுகிறது. ஏர்வாடியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். மனநோயைச் செய்வினை என்றும் பேய் என்றும் விளக்கியதால் வைத்தியத்துக்குப் போகாதவர்கள், தர்காவைச் சுற்றித் தனியார் நடத்திய காப்பகங்களில் சங்கிலியில் கட்டப்பட்டுக் கிடந்தார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில் ஒரு காப்பகம் தீப்பற்றியபோது ஓடமுடியாமல் வெந்து இறந்தவர்கள் 28 பேர். அங்கே வந்தவர்களின் பிரார்த்தனையில் பிழை இல்லை. நோய்க்குச் சொல்லப்பட்ட காரணம்தான் சங்கிலியை நியாயப்படுத்தியது. பின்னர் அதே ஏர்வாடி தர்காவில் துஆ எனும் பிரார்த்தனையோடு மருந்தும் கொடுக்கும் திட்டத்தை அரசு தொடங்கியபோது, யாருடைய நம்பிக்கையும் கலையவில்லை.

இரண்டாவது மறுப்பு பெரியார் வழி வந்தவர்களுடையது. அணை கட்டியது பொறியியல், கண் திறந்தது மருத்துவம், கோயிலைத் திறந்தது போராட்டம். இதில் கடவுளுக்கு என்ன வேலை? விளக்கத்தைக் கைவிட்டவர் கடவுளையும் கைவிட்டுவிட வேண்டியதுதானே? இது நேர்மையான கேள்வி. கடவுள் இருக்கிறார் என்று என் வாதம் நிரூபிக்கவில்லை. நிரூபிக்க முயலவும் இல்லை. வைகைக் கரையில் மண் சுமக்க நாத்திகரும் வரலாம், வந்திருக்கிறார்கள். அவர் சுமக்கும் மண்ணுக்கு எடை குறையாது. ஆனால் நம்பிக்கையாளரிடம் இருக்கும் கடவுள் விளக்கம் சொல்லும் கடவுள் ஒருவர்தான் என்று நினைப்பது தவறு. மதுரை ஆண்டுதோறும் ஆவணி மூலத்தில் கொண்டாடும் புட்டுத் திருவிழாவின் கதை என்ன? வைகையில் வெள்ளம். வீட்டுக்கு ஓர் ஆள் கரையடைக்க வர வேண்டும் என்பது பாண்டியன் ஆணை. பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்திக் கிழவிக்கு ஆள் இல்லை. சோமசுந்தரர் கூலியாளாக வருகிறார். உனக்கு ஏன் பிள்ளை இல்லை, ஏன் வறுமை, எந்தப் பிறவியில் என்ன செய்தாய் என்று ஒரு சொல்லும் கேட்கவில்லை. உதிர்ந்த பிட்டை வாங்கித் தின்றுவிட்டு அவளுடைய பங்கு மண்ணைச் சுமக்கிறார். மன்னன் பிரம்பால் அடிக்கிறான். அந்த அடி மன்னன் உட்பட எல்லோர் முதுகிலும் விழுகிறது. துயரை விளக்காமல் அதன் அடியைத் தன் முதுகில் வாங்குபவர், அந்த அடியை அனைவரும் உணரும்படி செய்பவர் என்று ஒரு கடவுளை இந்த ஊர் கற்பனை செய்து, அதையே தன் திருவிழாவாக வைத்திருக்கிறது. அந்தக் கடவுளை நம்புகிறவருக்கு அடுத்தவர் வலியை உணராமல் இருக்க அனுமதி இல்லை.

மூன்றாவது மறுப்புதான் கடினமானது. பஞ்சத்துக்கு லிட்டனைச் சொல்லலாம், மேலவளவுக்குச் சாதியைச் சொல்லலாம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு யாரைச் சொல்வது? வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், மாதாவைக் கும்பிட வந்தவர்களையும் கடல் இழுத்துக்கொண்டது. எச்சரிக்கைக் கருவி இல்லாதது மனிதத் தவறு. 2007-ல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. ஆனால் கடல் எழுந்தது யார் தவறு? எந்த அரசும் எந்த மருந்தும் தீர்க்க முடியாத நோயோடு பிறக்கும் குழந்தை? இங்கே என்னிடம் பதில் இல்லை. பதில் இருப்பதாகச் சொல்பவர்களை நான் நம்பவும் இல்லை. ஆனால் பதில் இல்லாத இடத்தில் நம்பிக்கை செத்துப்போக வேண்டியதில்லை. அது அங்கே வழக்காக மாறலாம். பார்வை இழந்த சுந்தரர் வாக்குத் தவறியவர் என்று பெரிய புராணமே சொல்கிறது. அப்படியிருந்தும் அவர் தன் தெய்வத்தை நேருக்கு நேர் வைது பாடினார், அதைச் சைவம் திருமுறையில் சேர்த்தது. விவிலியத்தில் யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாளும் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதன் பிறகு அவருடைய துயருக்குக் காரணம் கற்பித்தார்கள். முடிவில் கடவுளின் கோபம் தன்னோடு வழக்காடிய யோபுவின் மேல் விழவில்லை. தனக்காக வாதாடிய அந்த நண்பர்கள் மேல் விழுந்தது. அந்த யோபுவையே ஐயூப் நபியாக இஸ்லாமியர் போற்றுகிறார்கள்.

விளக்கம் சொல்ல மறுப்பது கேள்வியிலிருந்து நழுவும் தந்திரம் அல்லவா என்று யாராவது கேட்கலாம். நழுவுவது எது என்று பார்த்தால் தெரியும். சாவு வீட்டுத் திண்ணையில் ஆண்கள் ‘எல்லாம் விதி, நம்ம கையில என்ன இருக்கு’ என்று பேசி எழுந்துபோகிறார்கள். உள்ளே பெண்கள் ஒப்பாரியில் ‘உனக்குக் கண்ணில்லையா’ என்று சாமியை நேராகக் கேட்கிறார்கள். கேள்வியைச் சந்திக்காமல் நழுவியவர் யார், சந்தித்தவர் யார்? மறுநாள் அதே பெண்கள் அதே அம்மனுக்கு விளக்கேற்றுவார்கள். இது முரண்பாடு போலத் தோன்றலாம். கடவுள் நீதியுள்ளவர் என்று உண்மையிலேயே நம்புகிறவரால்தான் அவரிடம் நீதி கேட்டுச் சண்டை போட முடியும். நடப்பதெல்லாம் சரியே என்று முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிட்டவருக்குக் கடவுளிடம் கேட்க எதுவும் இல்லை. மனிதரிடம் செய்ய வேண்டியதும் எதுவும் இல்லை. துக்கம் விசாரிக்கப் போகிற நமக்கும் இதில் வழி இருக்கிறது. காரணம் சொல்லாமல் உட்கார்ந்திருக்கலாம். சோறு கொண்டுபோகலாம். அவர்கள் தாமாகவே ‘அவன் எழுத்து’ என்று சொன்னால் தலையாட்டலாம்; நாமாகச் சொல்லக் கூடாது.

இதைத் தனிமனிதப் பண்பாக மட்டும் விட்டுவிட முடியாது. அடுத்த வெள்ளமோ தீயோ நெரிசலோ வரும். மறுநாள் காலையில் தொலைக்காட்சியில் ஒரு சோதிடர் கிரகநிலையைச் சொல்வார். ஒரு மேடையில் ஒருவர் பெண்களின் உடையைக் குறை சொல்வார். இன்னொருவர் வேறு மதத்தாரைக் கைகாட்டுவார். அவர்களை நாத்திகர்கள் மட்டும் கண்டித்தால் போதாது, அது பழைய சண்டையாகப் போய்விடும். ஆதீனங்களும் ஆயர்களும் இமாம்களும் கண்டிக்க வேண்டும். அதுவும் கடவுளின் பெயரால் கண்டிக்க வேண்டும். இறந்தவர்கள் பாவிகள் என்று சொல்ல உனக்கு அதிகாரம் தந்தது யார் என்று அவர்களே கேட்க வேண்டும். கூடவே, அணையின் மதகு ஏன் நேரத்தில் திறக்கவில்லை, பள்ளிக்கு ஏன் ஒரே வாசல், காப்பகத்துக்கு உரிமம் தந்தது யார் என்ற கேள்விகளையும் வழிபாட்டு மேடையிலிருந்தே எழுப்ப வேண்டும். அந்தக் கேள்விகளைக் கேட்கும் சமயத்தைப் பார்த்து, பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் ‘உங்கள் கடவுள் எங்கே போயிருந்தார்’ என்று கேட்டால், அவளுக்குச் சொல்ல அந்தச் சமயத்திடம் ஒரு விளக்கம் இருக்காது. ஆனால் அவள் முகத்தைப் பார்க்கும் தகுதியாவது இருக்கும்.